சோயா அவரையில் ஹார்மோன் கண்ட பேர்சி ஜூலியன்

அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டியுள்ள ஓக் பார்க்கில், 1950ஆம் ஆண்டு நவம்பரில், இன்னமும் எவரும் குடிவந்திராத ஒரு வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. வீட்டை வாங்கியிருந்தவர் வேதியியலாளர் பேர்சி ஜூலியன். அவர் கறுப்பினத்தவர் என்பதே காரணம்.

அடிமையாக வாழ்ந்த ஒருவரின் பேரனான ஜூலியன், 1899இல் அலபாமாவின் மொன்ட்கொமரியில் பிறந்தார். இந்தியானாவின் டிபாவ் பல்கலைக்கழகத்தில் 1920இல் முதல் மாணவராகத் தேறினார். ஹார்வர்டில் முதுகலைப் பட்டம் பெற்றபோதும், முனைவர் பட்டத்துக்கு அவர் வியன்னா வரை செல்ல வேண்டியிருந்தது. கண் அழுத்த நோய்க்கான பைசோஸ்டிக்மைன் என்னும் மருந்தை 1935இல் ஆய்வுகூடத்தில் உருவாக்கிப் புகழ் பெற்றார். ஆயினும் டிபாவ் அவருக்குப் பேராசிரியர் பதவி வழங்கவில்லை. 1936இல் கிளிடன் என்ற வண்ணப்பூச்சு நிறுவனத்தின் சோயா ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார்.

கருவைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் அக்காலத்தில் அரிதினும் அரிதான பொருள். 1934இல் ஜெர்மனியில் சுமார் 50,000 பன்றிகளின் சினைப்பைகளிலிருந்து கிடைத்தது ஏறத்தாழ 20 மில்லிகிராம் மட்டுமே. ஆனால் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் அனைத்துக்கும் அடிப்படையான நான்கு வளையக் கட்டமைப்பு தாவரங்களிலும் உண்டு. கிளிடனின் சோயா எண்ணெய்த் தொட்டி ஒன்றில் தண்ணீர் கசிந்து, அடியில் வெண்படிவு தேங்கியது. எண்ணெய் கெட்டுவிட்டதாகவே மற்றவர்கள் எண்ணினர். முன்னர் கலபார் அவரை எண்ணெயிலும் இத்தகைய படிகங்களைக் கண்டிருந்த ஜூலியன், அது ஸ்டிக்மாஸ்டெரோல் என்று அறிந்துகொண்டார். அதனைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் வழியை ஜெர்மானியர்கள் முன்பே காட்டியிருந்தனர். தொழிற்சாலை அளவில் அதனைச் சாதித்தவர் ஜூலியன். 1940 முதல் அந்த ஹார்மோன் சோயாவிலிருந்து விற்பனைக்கு வந்தது. டெஸ்டோஸ்டிரோனும் தொடர்ந்து வந்தது.

முடக்குவாதத்துக்குக் கார்டிசோன் பயன்படுவது 1949இல் தெரியவந்தபோது, அது மாட்டுப் பித்தநீரிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரிக்கப்பட்டது. ஜூலியன் கார்டிசோனைக் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது சரியன்று. அட்ரீனல் ஹார்மோனான கார்டிசோலைவிட ஒரே ஓர் ஒக்சிஜன் அணு குறைந்த 'எஸ்' என்ற சேர்மத்தை மலிவாகத் தயாரிக்கும் வழியே அவருடையது. அந்த அணுவைப் பூஞ்சையின் உதவியால் சேர்க்கும் முறையை, 1952இல் அப்ஜான் நிறுவனத்தார் வெளியிட்டனர்.

இந்த ஆய்வுகள் நடந்த காலத்திலேதான் அவரது வீடு தாக்கப்பட்டது. தீவைப்புக்குப் பின்னரும் குடும்பம் அங்கேயே குடியேறியது. 1951 ஜூனில் டைனமைட் வீசப்பட்டது. பிள்ளைகள் உள்ளே இருந்தனர், எவருக்கும் காயமில்லை. ஜூலியன் துப்பாக்கியுடன் இரவுகளில் காவல் இருந்தார். ஊரைவிட்டு வெளியேறவில்லை. அயலவர் பலர் அவருக்கு ஆதரவாக ஒன்றுகூடினர் என்பதையும் சொல்ல வேண்டும்.

1953இல் கிளிடனை விட்டு விலகிச் சொந்த நிறுவனம் தொடங்கிய அவர், 1961இல் அதனை இருபது லட்சம் டாலருக்கும் அதிகமான விலைக்கு விற்றார். அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் 1973இல் அவரை உறுப்பினராக ஏற்றது. 1975 ஏப்ரலில் அவர் காலமானார். பேராசிரியர் பதவி தர மறுத்த டிபாவில், அறிவியல் கட்டடம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.