ஏழைக்கு விமானம் தர முயன்றவர்

ஆகாயத்தில் உல்லாசமாகப் பறப்பது தனவந்தர்களுக்கே உரிய விளையாட்டு என்ற எண்ணம் உலகத்தில் இன்னும் மாறியபாடில்லை. விமானத்தின் விலையைக் கொடுத்துவிட்டாலும் செலவு தீருவதில்லை. பெட்ரோல், கொட்டகை வாடகை, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், காலந்தவறாத பரிசோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். இவற்றில் சர்க்கார் விதிகளால் விளையும் செலவு எவ்வளவு நியாயமானது என்ற விவாதம் எல்லா நாடுகளிலும் நடந்து வருகிறது. இந்த விவாதத்தில் ஈடுபடுவோர் அனைவரும் அறியவேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. அது பிரான்ஸு தேசத்து ஹென்ரி மின்யேயின் சரித்திரம்.

மின்யே 1893-ம் வருஷம் அக்டோபர் மாதம் பிறந்தார். ரேடியோ இஞ்சினியர் தொழிலில் தேர்ந்தவர். விமானத் தொழிற்சாலை எதிலும் பயின்றவரல்லர். எனினும் இளமையிலேயே பறக்கும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. வழக்கமான விமானங்களைச் செலுத்துவது அவருக்கு எளிதில் கைவரவில்லை. கையும் காலும் ஒன்றோடொன்று இசைந்து வேலை செய்தாலன்றி அவை கட்டுக்கு அடங்கா. கை சற்றுப் பிசகினால் வேகம் குன்றிச் சுழன்று விழும். இந்தக் கஷ்டத்தைக் கண்டு பின்வாங்காமல், சாதாரண மனிதனுக்கு ஏற்றபடி விமானத்தையே மாற்றிவிடுவது என்று அவர் துணிந்தார்.

பல வருஷ முயற்சிக்குப் பிறகு 1933-ம் வருஷம் செப்டம்பரில் அவருடைய பதினான்காவது அமைப்பு பறந்தது. முன்னால் உயரத்தில் ஓர் இறக்கை, பின்னால் தாழ்வில் ஓர் இறக்கை. அகலம் சுமார் 6 மீட்டர். மோட்டார் சைக்கிளுக்குரியதைப் போன்ற ஒரு சிறு இஞ்சின். காலால் இயக்கவேண்டியது எதுவுமில்லை. ஒரே கைப்பிடியை முன்பின்னாக அசைத்தால் முன்னிறக்கை சாய்ந்து நிமிரும். பக்கவாட்டில் அசைத்தால் சுக்கான் திரும்பும். இதற்கு அவர் வானத்துப் பேன் என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். ஆங்கிலேயர் அதைப் பறக்கும் தெள்ளுப்பூச்சி என்றனர்.

மின்யே தம் அமைப்பைப் பூட்டிவைத்து விலை பேசவில்லை. 1934-ல் வெளியிட்ட நூலில் அளவுகள், வரைபடங்கள், செய்முறை அனைத்தையும் விளக்கமாக எழுதி உலகத்தார் கையில் கொடுத்துவிட்டார். ஓரளவு தச்சுவேலை அறிந்தவன் வீட்டுக் கொல்லையிலேயே விமானம் கட்டலாம் என்பது அவர் கொள்கை. அந்நாளில் இங்கிலாந்தில் பெயர்பெற்ற சிறு விமானங்கள் பல நூறு பவுன் விலை பெற, இதை நூறு பவுனுக்குள் கட்டிவிட முடிந்தது. 1935-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அவரே இங்கிலீஷ் கால்வாயைத் தம் சிறு விமானத்தில் கடந்து வந்தபோது உற்சாகம் கரைபுரண்டது. பிரிட்டிஷ் சர்க்காரும் கடுமையான பரீட்சைகளைத் தளர்த்தி, எளிய அனுமதிப் பத்திரம் வழங்க இசைந்தனர். அந்த ஒரு நாட்டில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் தயாராயின.

பிறகு விபத்துக்கள் தொடங்கின. தலைகீழாகப் பாய்ந்து விழுந்து சிலர் மாண்டனர். 1936-ல் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் விமானத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. விமானம் ஓர் அளவுக்குமேல் மூக்குக் கவிழ்ந்தால், ஓட்டுபவன் இயல்பாகக் கைப்பிடியைத் தன்பக்கம் இழுப்பான். அப்போது முன்னிறக்கையின் பின்விளிம்பு தாழ்ந்து, இரண்டு இறக்கைகளுக்கும் இடையேயுள்ள சந்து குறுகும். அச்சந்தின் வழியே விரைந்து பாயும் காற்று பின்னிறக்கையை மேலே தூக்கும்; மூக்கு இன்னும் கவிழும். காப்பாற்றவேண்டிய செய்கையே கொன்றுவிடும். இரு நாடுகளிலும் தடை பிறந்தது. எழுந்த வேகத்திலேயே அந்த இயக்கம் விழுந்தது.

இதில் குற்றம் யாருடையது? மின்யேயின் நோக்கத்தில் மாசில்லை. ஆனால் தம் சொந்த அனுபவத்தையே போதிய பரீட்சையாகக் கொண்டு ஆயிரக்கணக்கானவர்களை அழைத்தது பிழைதான் என்பதை மறைப்பதற்கில்லை. நூலை நம்பியவன் பணயம் வைத்தது பணத்தையன்று, உயிரை. சர்க்காரையும் நாம் முற்றும் புகழ்வதற்கில்லை. முதலில் சோதனையின்றி அனுமதித்தார்கள். பிணங்கள் விழுந்த பின்னர் சோதித்தார்கள். குறை இன்னதென்று தெரிந்ததும் திருத்துவதற்கு வழிகாட்டாமல் கதவைச் சாத்தினார்கள். இறக்கைகளின் நிலையை மாற்றியமைத்து அக்குறையை நீக்கியவர் மின்யேதான். ஆயினும் கெட்டுப்போன பெயர் திரும்பவில்லை. யுத்தத்துக்குப் பின் அயல் தேசங்கள் பலவற்றில் உழைத்துப் புதிய அமைப்புக்களைச் செய்துவந்த அவர், 1965-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பிரான்ஸில் காலமானார். பெருஞ்செல்வம் எதுவும் அவர் தேடி வைக்கவில்லை.

அவர் விதைத்தது மட்டும் மடியவில்லை. 1946-ல் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும், சொந்தக் கையால் விமானம் கட்டுவோரின் சங்கங்கள் தோன்றின. கட்டும்போதே ஒவ்வொரு கட்டத்திலும் அனுபவசாலி ஒருவர் வந்து பார்வையிடும் முறை வேரூன்றியது. இங்கிலாந்தில் அனுமதிப் பத்திரத்துக்கான பரிசோதனைப் பொறுப்பே பிற்காலத்தில் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்காவிலும் சொந்தமாகக் கட்டிய விமானங்களுக்கென்று தனி வகுப்பு ஏற்பட்டது. வேலையின் பெரும்பகுதியைக் கட்டுகிறவரே செய்திருக்கவேண்டும் என்பது அங்குள்ள விதி.

விதி என்றாலே விலங்கு என்று கொதிப்போரும், சுதந்திரம் என்றாலே விபத்து என்று நடுங்குவோரும் இந்தச் சரித்திரத்தை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். பரிசோதனை இன்றியமையாதது, அதற்காகும் செலவைத் தவிர்க்க நினைப்பவன் உயிரால் கொடுக்க நேரிடும். ஆனால் பரிசோதனையைச் சாமானியன் எட்டமுடியாத விலைக்கு உயர்த்தி வைப்பது பாதுகாப்பு ஆகாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு அருகிலிருந்து உதவும் முறையே இரண்டையும் காக்கும் என்பது நம் கருத்து. இதை மின்யேயின் காலத்திலேயே செய்திருந்தால், அவருடைய புகழும் பிழைத்திருக்கும், மாண்டவர்களும் பிழைத்திருப்பார்கள்.