வானத்தைப் பார்த்துக் கணக்கெழுதியவர்

நம் கணபதிக்குக் கிழக்கே உள்ள அவிநாசிக்குப் பலமுறை போயிருப்பீர்கள். 1871-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி காலையில் அங்கே சூரியன் முழுவதும் மறைந்தது. அதைக் கண்டறிய முகாமிட்டிருந்த சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தாரில் சிந்தாமணி ரகுநாதாச்சாரியாரும் ஒருவர்.

1840-ல் அந்நிலையத்தில் வேலைக்கமர்ந்த இவர், தம் உழைப்பினால் போக்ஸன் துரையின் முதல் உதவியாளரானார். 1867-ல் தென்வானத்திலே, ஒளி ஏறி இறங்கும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-ல் இலண்டன் இராஜரீக வானியல் சங்கம் இவரை அங்கத்தினராக்கியது.

அக்காலத்துப் பஞ்சாங்கங்கள் பழைய வாக்கியங்களைக்கொண்டு கணிக்கப்பட்டன. கிரகண நேரமோ வானத்தோடு ஒத்துவரவில்லை. முன்னோர் கணக்கைத் தொடலாகாது என்றனர் சிலர். கண்ணால் கண்டதற்கே கணக்கு இணங்கவேண்டும் என்று வாதாடிய ஆச்சாரியார், திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பண்டிதரும் சித்தாந்தியும் பேசிக்கொள்வதுபோல் சிறு நூலெழுதிப் பாமரருக்கும் விளக்கினார். 1880-ல் காலமானார். சோதிடத்தை ஒழிக்கப் புறப்பட்டவரல்லர் இவர். கணக்கு மெய்யாயிருக்க வேண்டுமென்றே உழைத்தார்.

நம் திருச்சபையும் இவ்வாறே செய்ததுண்டு. பாஸ்குத் திருநாள் பருவம் தவறி வந்ததால், 1582-ல் பாப்பரசர் 13-ம் கிரகோரியார் நாட்காட்டியில் பத்து நாட்களை நீக்கித் திருத்தினார்.

ஆச்சாரியார் காலத்து வழக்கு இன்னும் தீரவில்லை. 2023-ம் ஆண்டுச் சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17; வாக்கியப்படி டிசம்பர் 20. சனி மெல்ல நகரும் கிரகமாதலால் கணக்கிலுள்ள சிறு வேற்றுமை பதினொரு மாதமாய் விரிந்தது. வானத்தில் சனி ஒன்றே. அப்படியானால் அந்த இடைக்காலத்தில் நற்காரியத்தைத் தள்ளிவைத்தவர் எதற்கு அஞ்சினார்? சனிக்கா, அச்சிட்ட காகிதத்துக்கா?

வாசகரே, ஞானஸ்நானம் பெற்ற நம் வீடுகளிலும் மறைவாக ஜாதகம் பார்ப்போர் உண்டு. செவ்வாய் தோஷமென்று சொல்லி நல்ல பெண்ணைத் தட்டிக்கழிப்பதும் உண்டு. சோதிடத்தை நாடுவதைத் திருச்சபை விலக்கியிருக்கிறது. எதிர்காலம் சர்வேசுரன் கையிலுள்ளது. கிரகங்களும் அவர் படைப்பே. சம்பந்தம் பேசும்போது பிள்ளையின் உழைப்பையும் பெண்ணின் குணத்தையும் விசாரியுங்கள். ஜாதகக் கட்டத்தின் பேரால் ஒரு பெண்ணின் கண்ணீருக்குக் காரணமாகாதீர்கள்.