மாணவராய் இருந்தே ஆசிரியரானவர் - எச். ஜி. வெல்ஸ்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

காலத்தைக் கடந்து செல்லும் இயந்திரம், கண்ணுக்குப் புலப்படாத மனிதன், செவ்வாய்க் கோளிலிருந்து படையெடுத்து வரும் உயிர்கள் - இவற்றைப் படைத்த கற்பனைச் செல்வர் என்றே எச். ஜி. வெல்ஸை நம்மில் பலர் அறிவோம். ஆனால் அந்தப் பேனாவைப் பிடித்த கை, அதற்கு முன் பல ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த கை என்பதை எத்தனை பேர் அறிவோம்? பதினான்காம் வயதிலேயே வகுப்பின் முன் நின்றவர் அவர். படித்துக்கொண்டே பாடம் சொன்னார். பாடம் சொல்லிக்கொண்டே பட்டம் பெற்றார். அவர் பெற்ற பட்டம், நாம் பெற விழையும் அதே பி.எஸ்ஸி. பட்டந்தான், அதுவும் விலங்கியலில்! என் வகுப்புத் தோழர்கள் பொறுத்தருள்வார்களாயின், இந்த ஒற்றுமையில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு.

1866ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்துப் புரோம்லி என்னும் ஊரில் வெல்ஸ் பிறந்தார். தந்தை ஜோசப், பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடை ஓடவில்லை, கிரிக்கெட் ஆட்டம் கைகொடுத்தது. 1862இல் கென்ட் அணிக்காக அடுத்தடுத்து நான்கு பந்துகளில் நான்கு பேரை வீழ்த்தியவர் அவர். தாய் சாரா, திருமணத்துக்கு முன் ஒரு சீமாட்டிக்குப் பணிப்பெண்ணாக இருந்தவர். ஏழு வயதில் சிறுவன் வெல்ஸுக்குக் கால் முறிந்தது. படுக்கையில் கிடந்த பிள்ளைக்குத் தந்தை நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று பிடித்த படிப்பு ஆசை பின் விடவேயில்லை. 1877இல் தந்தைக்கே தொடை எலும்பு முறிந்தது. ஆட்டம் நின்றது; வருமானமும் நின்றது. தாய் மீண்டும் பணிக்குத் திரும்பி, அப்பார்க் என்னும் பெருமாளிகையில் வீட்டு நிர்வாகியானார். பிள்ளையைத் துணிக்கடையில் தொழில் பழக விட்டார்கள். அங்கே அவர் நிலைக்கவில்லை.

1880ஆம் ஆண்டின் இறுதியில், சாமர்செட் மாவட்டத்து வூக்கி என்னும் சிற்றூர்ப் பள்ளியில் மாணவ ஆசிரியராக அவர் சேர்ந்தார். இந்த 'மாணவ ஆசிரியர்' ஏற்பாட்டைப் பற்றிச் சற்று விளக்கியாக வேண்டும். ஏனெனில் அதன் வேர் நம் மண்ணில் இருக்கிறது.

1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நம் நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரல் வைத்து எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்து, மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையைத் தவிர இது வேறென்ன? 1797இல் லண்டனில் அவர் இதை நூலாக வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. சட்டாம்பிள்ளையை மட்டும் நம்பினால் போதாது என்பது நாளடைவில் புரிந்தது. 1846இல் அரசு வேறொரு வழி வகுத்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தலைமையாசிரியரிடம் ஐந்தாண்டு தொழில் பழக விடுவது. பகலில் அவன் கற்பிப்பான், மற்ற வேளையில் தலைமையாசிரியரிடம் கற்பான். தேறினால் பயிற்சிக் கல்லூரிக்குப் போவான். தச்சனிடமும் கொல்லனிடமும் பையனை விடுவது போலத்தான். ஏழை வீட்டுப் பிள்ளை ஆசிரியராவதற்கு அன்று அங்கே இருந்த ஏணி அது.

அந்த ஏணியின் முதற்படியில் வெல்ஸ் கால் வைத்தார். எதிரே இருந்த மாணவர்கள் சிலர் ஏறக்குறைய அவர் வயதினர். அவர்களை அடக்கி உட்கார வைப்பதே பெரும்பாடு. மல்லுக்கட்ட வேண்டியும் வந்தது. ஆனால் ஏணி ஏறுமுன்பே சரிந்தது. தலைமையாசிரியராக இருந்த தூரத்து உறவினரின் தகுதிச் சான்றுகள் செல்லாதவை எனத் தெரிந்து, அவர் பதவி இழந்தார். மாணவ ஆசிரியரின் பதவியும் ஓரிரு திங்களில் முடிந்தது. பயில்பவனின் நிலை இதுதான் போலும்! மேலிருப்பவர் வழுக்கினால் கீழிருப்பவனும் சேர்ந்தே விழ வேண்டியிருக்கிறது.

பின்னர் மருந்துக் கடையில் சிலநாள் வேலை. மருந்தாளர் ஆவதற்கு இலத்தீன் வேண்டும் என்று, மிட்ஹர்ஸ்ட் இலக்கணப் பள்ளித் தலைமையாசிரியர் ஹொரேஸ் பயட்டிடம் அனுப்பினார்கள். பையனின் கூர்மையை அந்த ஆசிரியர் கவனித்து மனத்தில் வைத்துக்கொண்டார். ஆயினும் தாயின் பிடிவாதம் வென்றது. 1881இல் சவுத்சீ நகரத் துணிக்கடையில் நான்காண்டு ஒப்பந்தம். காலை முதல் இரவு வரை துணி மடிக்க வேண்டும், உதற வேண்டும், மறுபடி மடிக்க வேண்டும். இரண்டாண்டு பொறுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எவரிடமும் சொல்லாமல் எழுந்து, பதினேழு மைல் நடந்தே தாயிடம் போய்ச் சேர்ந்து, இனி அந்தக் கடையில் இருக்க முடியாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். ஒப்பந்தத்துக்கென்று தாய் அரும்பாடுபட்டுக் கட்டிய பணம் வீணாகும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. அந்தத் தாயின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நான் ஆசிரியராக வேண்டும் என்பது என் பெற்றோரின் கனவு. கைக்கெட்டும் ஒரு வேலை, கண்ணால் கண்ட ஒரு வேலை - அதற்கு அப்பால் எண்ணிப் பார்க்க அவர்களுக்கு எவர் இடம் கொடுத்தார்கள்? சாரா வெல்ஸுக்குத் துணிக்கடை எப்படியோ, என் தாய்க்குப் பள்ளிக்கூடம் அப்படி.

1883இல் பயட் கைகொடுத்தார். மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் மாணவ உதவியாளர் பதவி. முதலாண்டுக்கு 20 பவுன், அடுத்த ஆண்டுக்கு 40 பவுன் ஊதியம். ஒரு மிட்டாய்க் கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கினார். பகலில் சிறுவர்களுக்குப் பாடம். காலையிலும் இரவிலும் தம் படிப்பு. ஒவ்வொரு மணிக்கும் இன்னது என்று அட்டவணை போட்டு வாழ்ந்தார். ஒரு நிபந்தனையும் இருந்தது. அப்பள்ளியில் ஆசிரியராக இருப்பவர் இங்கிலாந்துத் திருச்சபையில் முறைப்படி சேர்ந்தவராக இருக்க வேண்டும். வெல்ஸுக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆயினும் வேலைக்காக அந்தச் சடங்குக்கு உட்பட்டார். வாழ்நாளெல்லாம் அது அவர் மனத்தில் முள்ளாகவே இருந்தது. பயிற்சி நிலையில் இருப்பவன் பாடம் நடத்தினால் மட்டும் போதாது. பள்ளி விரும்பும் உருவத்தையும் அணிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாலை வகுப்புகளின் கதை இன்னும் சுவையானது. அக்காலத்தில் அறிவியல் தேர்வில் தேறும் ஒவ்வொரு மாணவனுக்கும் இவ்வளவு என்று கணக்கிட்டு, கற்பித்தவருக்கு அரசு பணம் கொடுத்தது. பயட் என்ன செய்தார் தெரியுமா? மாலையில் பல பாடங்களுக்குத் தம் பெயரில் வகுப்புகளை ஏற்படுத்தினார். சில வகுப்புகளில் வெல்ஸ் ஒருவரே மாணவர்! பயட் ஒரு மூலையில் தம் கடிதங்களை எழுதிக்கொண்டிருப்பார். வெல்ஸ் மறு மூலையில் பாடநூலைத் தாமே படித்துக்கொள்வார். தேர்ச்சிக்குப் பணம் பயட்டுக்கு, அறிவு வெல்ஸுக்கு. இதைச் சுரண்டல் என்பதா, உதவி என்பதா? இரண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1884இல் அத்தேர்வுகளில் அவர் பெற்ற உயர்ந்த தேர்ச்சியே லண்டன், தென் கென்சிங்டன் அறிவியல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கதவைத் திறந்தது. இன்று இம்பீரியல் கல்லூரியின் பகுதியாகிவிட்ட அந்தப் பள்ளியில், 'பயிற்சியிலுள்ள ஆசிரியர்' என்ற பெயரோடு, வாரம் 21 ஷில்லிங் உதவித்தொகையில் சேர்ந்தார். அறை வாடகையும் மற்றச் செலவும் போக, வாரக் கடைசியில் பகலுணவு இல்லாத நாள்கள் பல. உதவித்தொகை வரும் நாளை எண்ணிக் காத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதலாண்டில் விலங்கியல் கற்பித்தவர், டார்வின் கொள்கைக்காக வாதிட்ட தாமஸ் ஹக்ஸ்லி. வண்ணச் சுண்ணக்கட்டிகளால் கரும்பலகையில் உயிரினங்களை அவர் வரைந்து விளக்குவதை மாணவர்கள் மெய்ம்மறந்து பார்த்தார்கள். ஹக்ஸ்லியுடன் வெல்ஸ் நேரில் பேசியது, ஒருமுறை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்ன காலை வணக்கம் மட்டுமே. ஆனாலும் அந்த ஓராண்டே தம் வாழ்வில் கல்வி பெற்ற ஆண்டு என்று கருதினார். தேர்வில் முதல் வகுப்பும் பெற்றார். அடுத்த ஆண்டு இயற்பியல். அங்கே கண்ணாடிக் குழாயை வளைத்துக் கருவி செய்வதிலேயே நாள்கள் கழிந்தன, பேராசிரியரோ நோயுற்றிருந்தார். மூன்றாம் ஆண்டில் நிலவியல். பாறைத் துண்டுகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் வேலை. மாணவரின் ஆர்வம் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. 1887இல் நிலவியல் தேர்வில் தோற்று, பட்டம் இல்லாமலே வெளியேறினார். அதே மாணவர், அதே மூளை! ஆசிரியர் மாறினால் பாடம் எப்படி மாறிவிடுகிறது என்பதை, ஆசிரியராகப் போகிறவர் இவ்வளவு நெருக்கத்தில் காண்பது அரிது.

ஆனால் அவர் சும்மா இருந்து தோற்கவில்லை. விவாத மன்றத்தில் முழங்கினார். வில்லியம் மாரிஸின் இல்லத்தில் நடந்த பொதுவுடைமைக் கூட்டங்களுக்குச் சென்றார். 1886இல் நண்பர்களோடு கல்லூரிக்கென ஓர் இதழைத் தொடங்கி அதன் ஆசிரியருமானார். அந்த மாணவர் இதழில்தான், 1888இல், காலத்தில் பயணம் செய்யும் இயந்திரத்தைப் பற்றிய ஒரு கதையை மூன்று பகுதிகளாக எழுதினார். ஏழாண்டுக்குப் பின் உலகையே வியக்க வைத்த நாவலின் முதல் வித்து அதுவே. கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டால் ஓடி ஒளியும் நண்பர்களின் கவனத்துக்கு இதைக் கொண்டுவருகிறேன்.

பட்டமில்லாதவருக்கு வேல்ஸ் நாட்டில் ஹோல்ட் என்னும் ஊரில், பாழடைந்த தங்கும் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. சேர்ந்த சில வாரங்களில், கால்பந்தாட்டத்தில் ஒரு மாணவன் உதைத்த உதை அவருடைய சிறுநீரகத்தைச் சிதைத்தது. தொடர்ந்து நெஞ்சிலிருந்தும் இரத்தம் வந்தது. ஆயினும் படுக்கையை விட்டு எழுந்து வகுப்புக்குப் போனார். போகாவிட்டால் சோறு ஏது? இறுதியில் உடல் இடந்தராமல் தாய் பணிசெய்த மாளிகைக்கே திரும்பினார்.

1889இல் லண்டன் கில்பர்னில் ஹென்லி ஹவுஸ் பள்ளியில் மீண்டும் ஆசிரியரானார். அதன் தலைமையாசிரியர் ஜே. வி. மில்ன், மாணவர்களை மதிக்கத் தெரிந்தவர். பிற்காலத்தில் 'வின்னி த பூ' என்ற கரடிக்குட்டியைப் படைத்த ஏ. ஏ. மில்ன் அவருடைய மகன். அந்தப் பள்ளியின் சிறு மாணவன். ஆய்வுக் கருவிகளுக்கு அங்கே வசதி குறைவு. வெல்ஸ் ஹக்ஸ்லியின் வழியில் வண்ணச் சுண்ணக்கட்டிகளை எடுத்தார். வரைந்து வரைந்து விளக்கினார். இதைப் படித்தபோது எனக்கு என் திண்ணை வகுப்பு நினைவுக்கு வந்தது. மாலை வேளையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பதினொருவருக்கு நான் பாடம் சொல்கிறேன். என்னை ஒருவரும் 'சார்' என்பதில்லை, 'அண்ணே' தான். தெருவில் சேர்ந்து விளையாடிய அண்ணன், விளக்கு ஏற்றியதும் ஆசிரியனாகிவிட வேண்டும்! அன்று நான் தவளையின் இதயத்தைத் தரையில் கரித்துண்டால் வரைந்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், மூன்றே அறை இருந்தால் நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் கலந்துவிடாதா என்று கேட்டான். எங்கள் வகுப்பில் நாங்கள் எவரும் கேட்காத கேள்வி அது. மறுநாள் விரிவுரையாளரிடம் நான் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போய்த்தான் விடை சொன்னேன். பாடம் சொல்பவனைப் படிக்க வைப்பது பாடம் கேட்பவன்தான்.

பள்ளியில் கற்பித்தபடியே, கல்லூரிக்குப் போகாமல் வெளியிலிருந்தே தேர்வெழுதி, 1890இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்: விலங்கியலில் முதல் வகுப்பு; முன்பு தோற்ற அதே நிலவியலில் இரண்டாம் வகுப்பு. பிறகு அஞ்சல்வழிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகி, தம்மைப் போலவே வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் நூற்றுக்கணக்கானவர்களைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்தார். அவருடைய முதல் நூல்களில் ஒன்று 1893இல் வந்த உயிரியல் பாடநூல். அதே ஆண்டில் மீண்டும் இரத்தம் கக்கி விழுந்தார்; வகுப்பறை வாழ்வு அத்துடன் முடிந்தது. உட்கார்ந்தபடி செய்யக்கூடிய தொழிலாக எழுத்து வாய்த்தது. 1895இல் 'கால இயந்திரம்' வெளிவந்த பின் நடந்ததை உலகம் அறியும்.

அவர் நாவல்களில் எனக்குப் பிடித்தது, அறிவியல் புனைவு எதுவுமன்று. 1900இல் வந்த 'காதலும் லூயிஷாம் அவர்களும்' என்பதே. அறைச் சுவரில் கால அட்டவணையை ஒட்டிவைத்துக்கொண்டு உயர்வைக் கனவு காணும் ஓர் இளம் உதவி ஆசிரியன், பின் லண்டனில் பயிற்சி ஆசிரியனாகப் படும் பாடே அதன் கதை. பட்டம், பதவி, புகழ் என்று அவன் வரிசையாகப் போட்ட திட்டங்களில் பெரும்பாலானவை நிறைவேறுவதில்லை. பி.எட். இரண்டாண்டு, பிறகு தகுதித் தேர்வு, பிறகு பணி என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆண்டுகளை எழுதி வைத்திருக்கிற நான், அந்நாவலை முடித்தபின் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், கிழித்துவிடவில்லை.

உலகப் புகழ் பெற்ற பின்னரும் வெல்ஸுக்கு ஓர் ஆசை இருந்தது. அறிவியல் அறிஞர்கள் தம்மைத் தம்முள் ஒருவராக ஏற்க வேண்டும் என்பதே அது. எழுபது வயதைக் கடந்த பின், போர்க்கால லண்டனில், ஆய்வேடு ஒன்றை எழுதித் தாம் படித்த அதே பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். 1943இல் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. 1946 ஆகஸ்ட் 13ஆம் நாள், லண்டனில் தம் இல்லத்தில் அவர் காலமானார்.