விளக்குத் தந்த விஞ்ஞானி வால்தர் நேர்ன்ஸ்டு

தாராபுரத்துத் தாய்மார் பனைமட்டையும் பன்னாடையும் வைத்து அடுப்பு மூட்டுங்கால், தீ மந்தமாயின் ஊதுகுழலை எடுத்து ஊதுவர். கொல்லனும் தன் உலையிலே துருத்தியை இயக்குவான். தீக்குக் காற்று வேண்டும் என்பது நம் முன்னோர் நன்கறிந்ததே. ஆயினும், புகும் காற்று முழுவதும் தீக்கு உதவுவதன்று. ஐந்தில் ஒரு கூறாகிய ஒட்சிசனே எரிதற்கு உதவுவது. எஞ்சிய பெரும் பகுதியாகிய நைதரசன் அழையா விருந்தாளிபோல் உட்புகுந்து, அடுப்பின் வெப்பத்தை வாரிக்கொண்டு புகையோடு வெளியேறும். நைதரசனை வாயிலில் நிறுத்தி ஒட்சிசனை மாத்திரம் உள்ளே விடும் சுவர் ஒன்று உண்டாயின் எத்துணை நன்று! அத்தகைய சுவர்களை அறிஞர் இன்று பீங்கானால் ஆக்கியுள்ளனர். அவற்றின் மூலத்தைத் தேடிப் புகின், ஒரு பழைய மின்விளக்கினிடமும், அதனை ஆக்கிய ஜேர்மனிய அறிஞர் வால்தர் நேர்ன்ஸ்டினிடமும் சென்று சேர்கின்றோம்.

தமிழாசிரியர்க்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று நம் பழைய மாணவர் நகைக்கக்கூடும். நேர்ன்ஸ்டு இளமையில் கவிஞராகவே விரும்பினார் என்பர். அவ்வுரிமை பற்றியே இங்கு எழுதத் துணிந்தோம்.

அவர் 1864 ஆம் ஆண்டு யூன் 25 ஆம் நாள் மேற்குப் பிரசியாவின் பிறீசன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டிலுள்ளது. தந்தையார் நீதிபதி. சூரிச், பெர்லின், கிராஸ், வூர்ஸ்பேக் ஆகிய நகரங்களிற் கற்று, 1887 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். இருபத்தைந்து வயதளவில், மின்கலத்தின் அழுத்தத்தைக் கணிக்கும் சமன்பாட்டினை வெளியிட்டார். நம் மாணவர் உயர்தர வகுப்பிற் கற்பதும் அதுவே. பின்னர்க் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார்.

விளக்கு பிறந்தது அங்கேதான். அக்காலத்து மின்குமிழ்களில் கரி இழைகளே ஒளிர்ந்தன. அவை காற்றுப் பட்டால் எரிந்து அழியுமாதலின் வெற்றிடக் குமிழினுள் அடைக்கப்பட்டன. நேர்ன்ஸ்டோ, முன்னமே எரிந்து முடிந்த பொருளாகிய ஒட்சைட்டினை நாடினார். சேர்க்கோனியம் ஒட்சைட்டுடன் இத்திரியம் ஒட்சைட்டினைச் சேர்த்துச் சுட்ட சிறு கோல் ஒன்றினை 1897 இல் ஆக்கினார். குளிர்ந்த நிலையில் அது மின்னைக் கடத்தாது. முதலிற் சூடேற்றினால் மின்னைக் கடத்தி, திறந்த காற்றிலேயே வெண்ணிறமாய் ஒளிரும். ஏ.ஈ.ஜி. என்னும் நிறுவனம் அதன் உரிமையைப் பத்து இலட்சம் மார்க்குக்கு வாங்கியது. 1900 இல் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அந்நிறுவனத்தின் மண்டபத்தை இவ்விளக்குகளே ஒளிமயமாக்கின. சில ஆண்டுகளில் தங்குதன் இழை விளக்கு வந்தது. நேர்ன்ஸ்டின் விளக்கு மறைந்தது.

விளக்கு மறைந்தாலும் அதன் உட்பொருள் மறைந்திலது. உலோகத்தில் மின்னைச் சுமப்பன இலத்திரன்கள். இக்கோலிலோ ஒட்சிசன் அயன்களே சுமக்கின்றன. இஃது எங்ஙனம் இயலும் என்பதை 1943 இல் கார்ல் வாக்னர் விளக்கினார். நாலு வலுவுடைய சேர்க்கோனியம் இருக்கவேண்டிய இடங்களில் மூவலுவுடைய இத்திரியம் அமர்கின்றது. அதனால், இரண்டு இத்திரிய அணுக்களுக்கு ஓர் ஒட்சிசன் இருக்கை வெற்றிடமாகின்றது. வெப்பம் மிக்க நிலையில் ஒட்சிசன் அயன்கள் ஓர் இருக்கையிலிருந்து அடுத்த இருக்கைக்குத் தாவித் தாவிச் செல்கின்றன. நைதரசனுக்கு அவ்வழி இல்லை. யப்பானில் தெரவோக்கா முதலியோர் 1985 இல், லாந்தனம், துரந்தியம், கோபாற்று, இரும்பு ஆகியவற்றின் ஒட்சைட்டுகளாலான வேறொரு பீங்கானை ஆராய்ந்தனர். அஃது அயன்களையும் இலத்திரன்களையும் ஒருங்கே கடத்துவது. ஆதலின் அதற்கு வெளிக்கம்பியும் வேண்டுவதில்லை. அத்தகைய மென்சவ்வின் ஒருபுறம் சூடான காற்றையும் மறுபுறம் எரிபொருளையும் செலுத்தினால், ஒட்சிசன் சுவரினூடே ஊடுருவி வந்து எரிபொருளைச் சேரும்.

இதனால் நமக்கென்ன பயன்? மன்னார்க் கரைக்குத் தெற்கே, நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரியால் மின்னாக்கப்படுகின்றது. காற்றில் எரிப்பதால் எழும் புகையிற் பெரும்பகுதி நைதரசனே. அதனுட் கலந்த காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுத்தல் பெருஞ் செலவுடையது. தூய ஒட்சிசனில் எரித்தாலோ எஞ்சுவன பெரும்பாலும் காபனீரொட்சைட்டும் நீராவியுமே. நீராவியைக் குளிர்வித்து நீராக்கிவிட்டால், வளியைச் சிறைப்பிடிப்பது எளிதாகும். கடல்மட்டம் சிறிது உயரினும் கலங்கவேண்டிய தாழ்ந்த தீவில் வாழும் நமக்கு இது பிறர் கவலையன்று.

நேர்ன்ஸ்டுக்கு மோட்டார் வண்டியில் தீராத ஆசை. மேட்டில் ஏறும்பொழுது பொறி தளராதிருக்க, சிரிப்பூட்டும் வாயுவை அதனுட் செலுத்துவாராம். அவ்வாயு சிதைந்தால், காற்றிலுள்ளதினும் அதிக விகிதத்தில் ஒட்சிசன் கிடைக்கும். ஊதுகுழல் ஊதும் தாயின் செயலும் இதுவும் ஓரினமே.

1905 இல் பெர்லின் சென்றார். வெப்பவியக்கவியலின் மூன்றாம் விதியைக் கண்டார். ஐன்ஸ்டீனைப் பெர்லினுக்கு அழைத்துவர முன்னின்றோருள் ஒருவரானார். வெப்ப இரசாயனப் பணிக்காக 1920 ஆம் ஆண்டுக்குரிய நொபெல் பரிசும் பெற்றார். முதலாம் உலகப் போரில், ஐம்பது வயதிலும் தம் வண்டியோடு படைக்குத் தொண்டு செய்யச் சென்றார். எரிச்சலூட்டும் இரசாயனப் பொருள்களைக் குண்டுகளில் இடும் முயற்சியிலும் ஈடுபட்டார். அறிவு சென்ற அவ்வழியை நாம் போற்றுவதற்கில்லை. அப்போர் அவருடைய புதல்வர் இருவரையும் பலிகொண்டது. இட்லரின் ஆட்சி வந்தபோது, யூதரை மணந்திருந்த புதல்வியர் இருவரும் நாடு நீங்க நேர்ந்தது. 1933 இல் பதவி நீங்கிய கிழவர், சீபெல்லே என்னும் ஊரிலிருந்த தம் பண்ணையில் ஒதுங்கினார்.

அங்கே அவர் கெண்டையினத்து மீன்களை வளர்த்தார். மாட்டுக்கு இடும் தீனியில் ஒரு பகுதி அதன் உடலைச் சூடாக வைத்திருப்பதிலேயே செலவாகும். மீனோ சூழ்ந்த நீரின் வெப்பநிலையிலேயே வாழ்வது. உலகைச் சூடாக்கப் பணம் செலவிடுவானேன் என்பது அவர் கணக்காம். கடலை நம்பி வாழும் நம் ஊரார் இக்கணக்கினை மறுக்கமாட்டார். 1941 நவம்பர் 18 இல் அப்பண்ணையிலேயே காலமானார். அவருடைய அஸ்தி இப்பொழுது கோட்டிங்கன் நகரில் உள்ளது.

சீபெல்லேக்கு மேற்கே, அதே லௌசிற்ஸ் நாட்டில், சுவார்ட்சே பும்பே என்னும் இடத்தில் 2008 முதல் 2014 வரை, நிலக்கரியை ஒட்சிசனில் எரிக்கும் 30 மெகாவாற்றுப் பரிசோதனை நிலையம் ஒன்று இயங்கியது. ஆயினும் அங்கே ஒட்சிசன் பீங்கான் சுவரினூடே வரவில்லை. காற்றை உறையக் குளிர்வித்துத் திரவமாக்கியே பிரித்தெடுத்தனர். அதற்கு நிலையம் ஆக்கும் மின்னிற் கணிசமான பங்கு செலவாகும். அச்செலவைக் குறைக்கவே பீங்கானை நாடுகின்றனர். வெப்பத்தாலும் புகையாலும் வெடிக்காமல் நெடுநாள் நிற்கும் சுவரை ஆக்குதலே இன்னும் எஞ்சியுள்ள வேலை.