பாஸ்கர சேதுபதி

மதுரை மாநகரினின்றும் வைகையாற்றின் போக்கைப் பற்றித் தென்கிழக்கே செல்வோமாயின், வாழையும் நெல்லும் செழித்த வயல்கள் படிப்படியாகக் குறைய, பனையும் உடைமரமும் நிறைந்த வறண்ட சமவெளி கண்ணுக்கு எட்டியவரை விரிந்து கிடப்பதைக் காணலாம். வைகை நீர் கடலைச் சேர்வது அரிது. வழியிலுள்ள எண்ணற்ற கண்மாய்கள் அதனை உண்டுவிடும். எஞ்சியது இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் அடங்கும். மழை பொய்த்தால் கண்மாய் வறளும். கண்மாய் வறண்டால் ஊர் வறளும். இத்தகைய நிலத்தைக் காத்தும், இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்க்குத் துணைநின்றும் விளங்கியவர்கள் சேதுபதி மன்னர்கள். 1803ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் இந்நாட்டை நிலையான தீர்வைக்கு உட்பட்ட சமீனாக ஆக்கினர். 1910ஆம் ஆண்டில் தனி மாவட்டம் அமைக்கப்பெறும் வரையில் இராமநாதபுரம் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

அந்த மரபிலே 1868ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள் பாஸ்கர சேதுபதி பிறந்தார். அவர்தம் தந்தையார் முத்துராமலிங்க சேதுபதி, அரசி பர்வதவர்த்தனியால் சுவீகாரம் செய்துகொள்ளப்பட்டவர். அந்தச் சுவீகாரம் செல்லுமா செல்லாதா என்று மதுரைக் கலெக்டருக்கும் அரண்மனைக்கும் இடையே எழுந்த வழக்கு, கடல் கடந்து இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1868ஆம் ஆண்டில், அஃதாவது பாஸ்கரர் பிறந்த அதே ஆண்டில், அரண்மனைக்கு வெற்றி கிட்டிற்று. இந்துச் சட்டம் பயில்வோர் அத்தீர்ப்பை இன்றும் படிக்கின்றனர். ஆனால் வழக்கில் வென்றவனுக்கும் செலவு உண்டன்றோ? வழக்குரைஞர்க்கும் முத்திரைத்தாளுக்கும் பயணத்திற்குமாகப் பெரும்பொருள் கரைந்தது. சமீனின் கடன்களுள் ஒரு பகுதிக்கு இவ்வாறு நீதிமன்றமே பிறப்பிடமாயிற்று.

1873ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தபோது பாஸ்கரருக்கு வயது ஐந்தே. ஆகவே சமீன், சிறுவர் சொத்துகளைப் பேணும் கோர்ட் ஆப் வார்ட்ஸ் என்னும் அரசாங்க அமைப்பின்கீழ் வந்தது. அவ்வமைப்பினர் பழைய கடன்களை அடைத்தனர். கண்மாய்க் கரைகளைச் செப்பனிட்டனர். இளவரசரோ சென்னையில் ஆங்கில ஆசிரியர்களிடம் கல்வி பயின்றார். தமிழிலும் ஆங்கிலத்திலும் வல்லவராகி, சொற்பொழிவாற்றுவதிலும் தேர்ச்சியுற்றார். 1889ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆம் நாள், தம் இருபதாம் வயதில், அவர் பட்டமெய்தினார்.

அன்று முதல் அரண்மனை வாயில் அடைபடவில்லை. புலவர்கள் வந்தனர், இசைவாணர் வந்தனர், வேதம் வல்லோர் வந்தனர். கோயில் திருப்பணி என்றும், பள்ளிக்கூடம் என்றும், சத்திரம் என்றும் கேட்டு வந்தோர் பலர். நவராத்திரி விழா பல நாள் பெருஞ்சிறப்புடன் நடந்தது. இல்லை என்னும் சொல்லை அவர் நா அறியாது என்று மக்கள் போற்றினர். சேதுபதியாகப் பிறந்தவர் கொடுத்தே ஆகவேண்டும் என்பது பல தலைமுறையாக வந்த வழக்கம். கொடாதிருந்தால் அவர் மன்னராக மதிக்கப்பட்டிருக்கமாட்டார். ஆயினும் அவருடைய முன்னோர் தம் நாட்டின் வருவாய் முழுவதையும் தாமே ஆண்ட அரசர். பாஸ்கரரோ அரசாங்கத்துக்குத் தீர்வை செலுத்தக் கடமைப்பட்ட சமீன்தார். அரசரின் செலவும் சமீன்தாரின் வரவும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. துன்பத்தின் வேர் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

மாணவர்களே, இக்கணக்கைச் சற்று விளக்கமாக நோக்குவது நன்று. சமீன்தார் ஆண்டுதோறும் அரசாங்கத்துக்குச் செலுத்தவேண்டிய பேஷ்குஷ் என்னும் தொகை மாறாதது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதனைத் தவணை தவறாது கட்டியாகவேண்டும். ஆனால் குடியானவர்களிடமிருந்து சமீனுக்கு வரும் வருவாயோ பெரும்பகுதி விளைச்சலில் வாரமாகக் கிடைப்பது. விளைச்சல் பாதியானால் வாரமும் பாதியாகும். வரவு மழையை நம்பியது. செலவு நாட்காட்டியை நம்பியது. இடையே விழும் பள்ளத்தை நிரப்பக் கடனன்றி வேறு வழியில்லை.

முதலில் எழுதிக் கொடுப்பது புரோநோட்டு. அதற்கு ஈடு கடன்பட்டவரின் நாணயமே. தவணை தப்பினால் வட்டி முதலோடு சேர்க்கப்பட்டுப் புதிய நோட்டு எழுதப்படும். நூற்றுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூட்டு வட்டி என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் ரூபாய்க் கடன் ஆறே ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆகும். பன்னிரண்டு ஆண்டுகளில் நாலாயிரத்தை நெருங்கும். வாங்கியவர் இதற்கிடையே ஒரு காசும் புதிதாகப் பெற்றிருக்கமாட்டார். பின்னர்க் கடன் கொடுத்தவர் வெறும் நோட்டை ஏற்கத் தயங்குவார். கிராமங்களை ஈடாகக் கேட்பார். ஈடு வைத்த கிராமத்தின் வருவாய் வட்டிக்குப் போய்விட, அரண்மனை வரவு மேலும் சுருங்கும். சுருங்கிய வரவுக்காக மீண்டும் ஒரு கடன். இவ்வாறு ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்கும் நிலை வந்துவிட்டால், செலவைக் குறைத்தால்கூட மீள்வது அரிது. நாட்டுக்கோட்டை நகரத்தார் முதலிய வணிகர் பலர் அக்காலத்தில் சமீன்களுக்குக் கடன் உதவினர். அவர்கள் தம் முதலைக் கேட்டது தவறாகாது. அவர்களுக்கும் கணக்கும் பொறுப்பும் உண்டு.

சாதாரணக் குடிமகன் ஒருவன் இந்நிலையை அடைந்தால் நீதிமன்றத்தில் தன்னை இன்சால்வென்ட் என்று அறிவிக்க வேண்டுவான். மக்கள் இதனை மஞ்சட் கடுதாசி கொடுத்தல் என்பர். அப்போது அவனுடைய சொத்தெல்லாம் ஒருங்கே திரட்டப்பட்டு, கடன் கொடுத்தோர் அனைவர்க்கும் அளவுப்படி பங்கிடப்படும். முந்தி வந்தவன் எல்லாவற்றையும் பற்றிக்கொண்டு போக இயலாது. பாஸ்கரர் அவ்வழியிற் செல்லவில்லை. 1895ஆம் ஆண்டில் சமீனைத் தம் இளமகனார் பெயருக்கு எழுதிவைத்து, கடன்களை அடைக்கும் பொறுப்புடன் நிருவாகத்தை அறங்காவலர் கையில் ஒப்படைத்தார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயதுகூட நிறையவில்லை. பட்டத்தில் அமர்ந்து ஆறு ஆண்டுகளே கழிந்திருந்தன. ஆளும் உரிமையைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்த அந்நாளில் அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கத்தான் முடியும்.

அதே 1895ஆம் ஆண்டு அக்டோபரில் பெரியாற்று அணை திறக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாறு மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பப்பட்டு, மதுரைச் சமவெளி இருபோகம் காணலாயிற்று. அவ்வாற்றைத் திருப்பலாம் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எண்ணி, மலைக்கு ஆளனுப்பிப் பார்த்தவர் இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. பொருளின்மையால் அவர் எண்ணம் அப்போது கைகூடவில்லை. கூடியிருந்தால் சேதுபதிகளின் கணக்கேடுகள் வேறுவிதமாக இருந்திருக்கலாம்.

பாஸ்கரரின் கொடைகளுள் காலத்தை வென்று நிற்பது ஒன்று உண்டு. 1892ஆம் ஆண்டில், பெயர் பெரிதும் அறியப்படாத இளந்துறவி ஒருவர் மதுரைக்கு வந்தார். அவரைக் கண்டு அளவளாவிய சேதுபதி, அவருடைய அறிவின் பெருமையை உணர்ந்து, சிகாகோவில் நடக்கவிருந்த சர்வசமயப் பேரவைக்குச் செல்லுமாறு ஊக்கினார்; பொருளுதவி செய்யவும் முன்வந்தார். அத்துறவியே விவேகானந்தர். 1893ஆம் ஆண்டில் சிகாகோவில் புகழ்பெற்ற அவர், 1897ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் இலங்கையினின்றும் வந்து பாம்பனில் இறங்கியபோது, கரையில் நின்று வரவேற்றவர் பாஸ்கரரே. சுவாமிகள் அமர்ந்த வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்கள் இழுத்துச் சென்றனர். சேதுபதியும் அவர்களோடு சேர்ந்து இழுத்தார். அந்நாளில் சமீன் அவர் கையில் இல்லை என்பதை நாம் மறத்தல் கூடாது. ஆட்சி இழந்த மன்னர் இழுத்த வண்டி அது. விவேகானந்தர் அவரை இராஜரிஷி என்று சிறப்பித்தார்.

இவ்வள்ளன்மையைக் குறைகூற எவருக்கும் மனம் வாராது. எனினும் ஒரு வினாவைத் தவிர்த்துச் செல்வதும் நேர்மையாகாது. அரண்மனை வாரிக்கொடுத்த பொருள் யாருடையது? அது பனங்காட்டிலும் கரிசலிலும் பாடுபட்ட குடியானவன் அளந்த நெல்லினின்றும் வந்தது. கண்மாய்க் கரைக்குச் செலவாகவேண்டிய பணம் வட்டிக்குச் சென்றால், அடுத்த ஆண்டு வயல் காய்வதும் அவனுக்கே. சேதுபதி பிறர்க்குக் கொடுத்ததில் தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். ஆனால் கடனின் சுமையை அவர் தனியே சுமக்கவில்லை. இவ்விரண்டும் உண்மை.

பிற்காலத்தும் தமிழை அவர் மறந்தாரில்லை. அவருடைய உறவினரும் பாலவனத்தம் சமீன்தாருமாகிய பாண்டித்துரைத் தேவர், 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, பாஸ்கரர் அதற்குத் துணைநின்றார். சேதுபதி அவையை அணிசெய்த இரா. இராகவையங்கார் சங்கத்தின் செந்தமிழ் என்னும் திங்களிதழுக்கு ஆசிரியரானார். ஏடுகளில் உறங்கிய நூல்கள் பல அச்சேறின.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள், முப்பத்தைந்தாம் வயதில், பாஸ்கர சேதுபதி மறைந்தார். மறுபிறவி எடுத்ததுபோல் கடன் தொல்லை நீங்கிய சமீனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த ஆண்டில், 1904ஆம் ஆண்டு இரண்டாம் சட்டம் என்னும் சென்னைச் சட்டம் நிறைவேறியது. பங்கிட இயலாத பழஞ்சமீன்களை ஆளுவோர், தம் வாழ்நாளுக்கு அப்பாலும் செல்லும்படி சமீனை ஈடுவைக்கவோ விற்கவோ கூடாதென்று அச்சட்டம் வரையறுத்தது. அதன் அட்டவணையில் இடம்பெற்ற சமீன்களுள் இராமநாதபுரமும் ஒன்று.