கதவின் மேல் சென்ற மருத்துவர்

மருத்துவமனைக் கூடத்தில் ஆசிரியர் ஒரு நோயாளியைக் காட்டி, ‘பாட்’ நோய் என்றார். பாட்டுக்கும் நோய்க்கும் என்ன உறவு என்று எனக்குள் நகைத்துக்கொண்டேன். கால்கள் இரண்டும் அசையாமல் கிடந்த அந்த இளைஞரின் முகத்தைக் கண்டதும் என் நகை அடங்கிற்று. மூட்டை சுமப்பதால் வந்த வலி என்று எண்ணி எட்டு மாதம் தைலம் தடவிக்கொண்டே இருந்துவிட்டாராம். அன்று மாலையே நூலகத்தில் பாட் என்பவரைத் தேடினேன்.

பெர்சிவல் பாட் 1714-இல் இலண்டனில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். எட்வர்டு நூர்ஸ் என்னும் அறுவை மருத்துவரிடம் தொழில் பயின்றார். 1749-இல் புனித பர்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவரானார்.

1756-இல் குதிரையிலிருந்து விழுந்தார். கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்தது. அக்காலத்தில் அத்தகைய காலை வெட்டுவதே வழக்கம். தம்மை யாரும் கண்டபடி தூக்கக்கூடாது என்று தடுத்து, தெருவில் கிடந்தபடியே ஒரு கதவை விலைக்கு வாங்கினார். அதில் கழிகளை அடிக்கச் செய்து, அதன்மேல் படுத்து வீடு சென்றார். வெட்டும் கருவிகள் ஆயத்தமாயின. அப்போது நூர்ஸ் வந்தார். மீண்டும் ஒருமுறை பார்த்தார். காலைக் காப்பாற்றலாம் என்றார். கால் பிழைத்தது. படுத்திருந்த நாட்களில் பாட் நூல் எழுதத் தொடங்கினார்.

புகைபோக்கி துடைப்போருக்கு வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று 1775-இல் எழுதியவரும் அவரே. 1779-இல், கூனோடு சேர்ந்து கால்கள் செயலிழக்கும் நோயை விளக்கினார். பழுது கால்களில் இல்லை. முதுகெலும்பே அரிக்கப்படுகிறது என்று காட்டினார். கூனுக்கு அருகே புண் உண்டாக்கிச் சீழை வடியவிட்டால் குணமாகும் என்று அவர் நம்பியது மட்டும் பிழை. 1788-இல் அவர் மறைந்தார். காசநோய்க் கிருமியை இராபர்ட் கோக் கண்டறிந்தது 1882-இல்தான்.

அக்கிருமி பெரும்பாலும் நுரையீரலில் தங்கி, இரத்தத்தின் வழியே முதுகெலும்பை அடைகிறது. சீழ் உண்டாக்கும் வேறு கிருமிகளும் இவ்வாறே சென்று தாக்குவதுண்டு. நீரிழிவு, ஊட்டக்குறைவு, எச்.ஐ.வி., சிறுநீரக நோய் ஆகியவை உடையோருக்கு இடர் மிகுதி. ஓய்விலும் தணியாத முதுகுவலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை எச்சரிக்கைகள். ஆனால் எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லை. எக்ஸ்ரே படத்தில் நோய் தாமதமாகவே தெரியும், எம்.ஆர்.ஐ. படம் முன்னதாகவே காட்டிவிடும். நோயுற்ற இடத்தில் ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்தால் எந்தக் கிருமி என்பது உறுதிப்படும். பிறகு பல மாதம் விடாமல் மருந்துண்ண வேண்டும்.

அந்த இளைஞருக்கும் இவை யாவும் நடந்தன. ஏழாவது வாரத்தில் அவருடைய வலக்கால் பெருவிரல் அசைந்ததைக் கண்டேன். இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். மூட்டை சுமக்க முடியாது.

பாட்டின் காலைக் காத்தது, மீண்டும் ஒருமுறை பார்த்த அவருடைய ஆசிரியரின் கண். எட்டு மாதத்திற்கு முன் யாரேனும் இந்த இளைஞரின் முதுகை அவ்வாறு பார்த்திருக்கலாகாதா என்று எண்ணுகிறேன். நண்பர்களே, நம் விடுதியிலும் வீட்டிலும் நெடுநாள் முதுகுவலி என்பாரைத் தைலத்தோடு விட்டுவிடாதீர்கள்.