முயல்கள் காட்டிய உண்மை

மார்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்கிறார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்கிறார்கள். ரத்தத்தில் கொழுப்பு அதிகம், இருதய ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்கிறார் டாக்டர்.

இன்று இது வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. வயதானால் தலை நரைக்கிறது. அதுபோல் ரத்தக் குழாயும் தடித்துப் போகிறது. அதைத் தடுக்க முடியாது. பல டாக்டர்களின் எண்ணம் இதுதான்.

அந்த எண்ணத்தை அசைத்தவர் ஒரு ரஷ்ய டாக்டர். அவர் பெயர் நிக்கொலாய் அனிச்கோவ்.

இளம் டாக்டர்

ரஷ்யாவில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1885-ம் ஆண்டு அனிச்கோவ் பிறந்தார். வசதியான குடும்பம். தந்தை அரசாங்கக் கல்வித் துறையில் உயர்ந்த பதவி வகித்தவர்.

அனிச்கோவ் ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்து, 1909-ல் டாக்டர் ஆனார். நோயாளிக்கு மருந்து கொடுப்பதைவிட, நோய் எப்படி வருகிறது என்று ஆராய்வதில்தான் அவருக்கு ஆசை. அந்தக் கல்லூரியிலேயே ஆராய்ச்சியில் இறங்கினார்.

அப்போது அங்கே ஒரு கேள்வி எழுந்திருந்தது. இக்நதோவ்ஸ்கி என்ற டாக்டர் 1908-ல் முயல்களுக்கு இறைச்சி, பால், முட்டை ஆகியவற்றைக் கொடுத்து வளர்த்தார். முயல்களின் ரத்தக் குழாய்கள் கெட்டுப்போயின. இறைச்சியில் உள்ள புரதமே விஷம் என்று அவர் நினைத்தார். பிறகு மற்றொரு டாக்டர் முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் கொடுத்தார். அப்போதும் நோய் வந்தது.

மஞ்சள் கருவில் என்ன இருக்கிறது?

அனிச்கோவும், அவருடன் ஆராய்ச்சி செய்த கலாத்தோவும் இதைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார்கள்.

முயல் சோதனை

மஞ்சள் கருவில் கொலஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் நிறைய உண்டு. அதை மட்டும் தனியே பிரித்தெடுத்தார்கள். சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துச் சில முயல்களுக்குக் கொடுத்தார்கள். வேறு சில முயல்களுக்கு வெறும் எண்ணெய் மட்டும் கொடுத்தார்கள்.

எண்ணெய் மட்டும் தின்ற முயல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொலஸ்டிரால் தின்ற முயல்களின் ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்து கிடந்தது. மனிதருக்கு வரும் நோய் போலவே இருந்தது!

1913-ல் இந்த முடிவு வெளியாயிற்று. அப்போது அனிச்கோவுக்கு வயது 27.

உலகம் நம்பவில்லை

மற்ற நாட்டு டாக்டர்கள் எலிக்கும் நாய்க்கும் கொலஸ்டிரால் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வரவில்லை. முயல் இலை தழை தின்னும் பிராணி. அதற்குக் கொழுப்பைக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளுமா, முயலுக்கு வந்தது மனிதனுக்கும் வரும் என்று எப்படிச் சொல்வது என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள்.

அனிச்கோவ் மனம் தளரவில்லை. முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் பணி செய்தார். போர் முடிந்ததும் திரும்பவும் ஆராய்ச்சிக்கு வந்தார். கொலஸ்டிரால் முக்கியக் காரணம். ஆனால் அது ஒன்றே காரணம் அல்ல, ரத்த அழுத்தம் போன்றவையும் நோயை வளர்க்கும் என்றும் அவர் காட்டினார்.

சொந்த நாட்டில் அவருக்குப் பெருமைகள் குவிந்தன. 1946 முதல் 1953 வரை சோவியத் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக இருந்தார்.

1950-ல் அமெரிக்காவில் ஜான் காஃப்மன் என்ற விஞ்ஞானி ரத்தத்தை அதிவேகமாகச் சுழற்றி, அதில் உள்ள கொழுப்பு உருண்டைகளை வகை பிரித்தார். முயலின் ரத்தத்தை மட்டுமின்றி, மனிதரின் ரத்தத்தையும் பார்த்தார். அனிச்கோவ் சொன்னது சரி என்று அதன் பிறகே பலர் உணரத் தொடங்கினார்கள்.

1964 டிசம்பரில் அனிச்கோவ் காலமானார். வயது 79. எந்த நோயை ஆராய்வதில் ஆயுளைக் கழித்தாரோ, அந்த நோய்தான் அவரையும் கொண்டுபோயிற்று. மாரடைப்பு!

எலி தப்பியது ஏன்?

முயலுக்கு வந்த நோய் எலிக்கு ஏன் வரவில்லை? இதற்கு விடை அவர் மறைந்த பின்பே தெளிவாயிற்று.

கொழுப்பு தண்ணீரில் கரையாது. அதனால் ரத்தத்தில் அது புரதத்தோடு சேர்ந்து, சிறு உருண்டைகளாகப் போகிறது. எல்.டி.எல். என்ற உருண்டை மிகுந்தால், கொழுப்பு ரத்தக் குழாய்ச் சுவரில் படியும். எச்.டி.எல். என்ற உருண்டை, மிஞ்சிய கொழுப்பை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும். முன்னதைக் கெட்ட கொழுப்பு என்றும், பின்னதை நல்ல கொழுப்பு என்றும் சொல்வார்கள்.

சி.இ.டி.பி. என்று ஒரு புரதம் உண்டு. நல்ல உருண்டையில் உள்ள கொலஸ்டிராலை எடுத்து, கெட்ட உருண்டையில் ஏற்றிவிடுவது இதன் வேலை. முயலுக்கு இந்தப் புரதம் ஏராளம். மனிதருக்கும் உண்டு. எலிக்குக் கிடையாது. நாய்க்கு மிகக் குறைவு. அதோடு, எலியும் நாயும் மிஞ்சிய கொலஸ்டிராலைப் பித்த நீராக மாற்றி வெளியேற்றிவிடும். அதனால்தான் அவை தப்பின. அனிச்கோவ் முயலைத் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று!

மருந்து சொன்ன பாடம்

இந்தப் புரதத்தை அடக்கினால் நல்ல கொழுப்பு பெருகும், மாரடைப்பு குறையும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். மருந்து செய்தார்கள். சுமார் 15,000 பேரிடம் சோதித்தார்கள். நல்ல கொழுப்பு மிகவும் உயர்ந்தது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள்! 2006 டிசம்பரில் சோதனை நிறுத்தப்பட்டது. பின்னர் வந்த இரண்டு மருந்துகளும் பலன் தரவில்லை. நான்காவது மருந்து 2017-ல் சிறிது பலன் காட்டியது. கெட்ட கொழுப்பு குறைந்ததால் வந்த பலன் அது என்று விஞ்ஞானிகள் கருதினார்கள்.

கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்தோ 1994-ல் வெளியான பெரிய சோதனையிலேயே, இருதய நோயாளிகளின் மரணத்தைச் சுமார் 30 சதவீதம் குறைத்திருந்தது.

நல்லதைப் பெருக்கினால் போதும் என்ற குறுக்கு வழி பலிக்கவில்லை. ரத்தக் குழாயில் படியும் கொழுப்பைக் குறைக்க வேண்டும். 27 வயது வாலிபர் முயலை வைத்துச் சொன்னதும் அதைத்தான்.